கட்டை அவிழ்க்குமுன் கம்பி நீட்டியவர்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உடம்பெல்லாம் கண்கள் வரைந்த ஒரு குதிரைவண்டி ஊருக்குள் நுழைந்தால் புத்தியுள்ளவர்கள் ஓடி ஒளிந்திருக்க வேண்டும். ஒளியவில்லை, வரிசையில் நின்றார்கள். வண்டிக்குள் இருந்தவர் செவாலியே ஜான் டெய்லர். 1736-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்குக் கண் வைத்தியர் ஆனவர். லண்டனில் செசல்டன் என்ற பெரிய கையிடம் தொழில் படித்தவர். ஆகவே ஒன்றும் தெரியாத ஆசாமி என்று தள்ளிவிட வழியில்லை. தெரிந்தே செய்தார்.

வந்ததும் கத்தியைத் தொடமாட்டார். முதலில் வாய். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி நெடும் பிரசங்கம். பிறகுதான் வித்தை. மாறுகண்ணுக்கு அவர் செய்த வைத்தியத்தைப் பாருங்கள்: வெண்விழியின் மேல்தோலை ஊசிநூலால் தூக்கி ஒரு துணுக்கு நறுக்குவார். உடனே நல்ல கண்ணுக்குக் கட்டுப் போட்டுவிடுவார்! பார்க்க மிச்சமிருப்பது மாறுகண் ஒன்றுதான். வேறு கதியில்லாமல் அது நேராகும். கூட்டம் கைதட்டும். சில நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்பது செவாலியேயின் கண்டிப்பு. அவிழ்த்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். அதற்குள் வண்டி அடுத்த ஊரில்.

கண்புரைக்கு ஊசி. வெளுத்துப்போன லென்ஸை விழிக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது, குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுகிற மாதிரி. சுஸ்ருத சம்ஹிதையிலேயே உள்ள முறைதான். ஆனால் ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டுமென்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?

1750-இல் வண்டி லைப்சிக் போனது. அங்கே பார்வை மங்கிக்கொண்டிருந்தவர் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹ். மார்ச் கடைசியில் ஒரு குத்து. அமோக வெற்றி என்று பெர்லின் பத்திரிகை எழுதியது. அத்தனை வெற்றி என்பதால்தானோ என்னவோ, ஏப்ரலில் இன்னொரு குத்து. ஜூலை 28-இல் பாஹ் காலமானார். 1758-இல் இன்னொரு இசைமேதை ஹாண்டெலின் முறை. பார்வை திரும்பவில்லை, மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் 1685-இல் ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர்கள், கடைசிவரை சந்தித்துக்கொள்ளாதவர்கள். டெய்லரின் ஊசிதான் இருவரையும் சந்தித்தது.

1761-இல் டெய்லர் சுயசரிதை வெளியிட்டார். லைப்சிக்கில் 88 வயது சங்கீத மேதைக்குத் தாம் பார்வை கொடுத்ததாகவும், ஹாண்டெல் அவரோடு சேர்ந்து படித்தவர் என்றும் அதில் எழுதியிருக்கிறார். பாஹ் இறந்தபோது வயது 65. நோயாளிக்குச் செத்த பிறகு 23 வயது கூட்டிக்கொடுத்த வைத்தியர் வேறு யாராவது உண்டா?