சாரம் பகுதி வாசற்சேறு: தோற்றம், வகைமை, தீர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வீட்டின் இரும்புக் கேட்டுக்கும் தெருவின் தார்ச்சாலைக்கும் நடுவே கிடக்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. கோடையில் அது வீட்டுக்காரருடையது. அங்கே அடுத்த வீட்டு வண்டி நின்றால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். ஐப்பசி பிறந்ததும் அதே நிலம் நகராட்சிக்குப் போய்விடுகிறது. உரிமை இவ்வாறு கைமாறும் அந்தப் பத்தடி இடத்தில் தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரை விளையும் சேறே இக்கட்டுரையின் பொருள். ஆய்வுக் களம், புதுச்சேரியில் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த சாரம்.

ஆய்வின் கருதுகோள் இது: வாசற்சேறு மண்ணின் நோயன்று, தண்ணீரின் நோய். ஆயினும் மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கே வைத்தியம் பார்த்து வருகிறார்கள்.

2. தோற்றம்

இவ்வகைச் சேறு உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்றும் மண்சாலைகளே. குளிர்காலத்தில் அங்கே நிலம் ஆழம்வரை உறைந்துவிடும். வசந்தம் வந்ததும் மேல்மண் மட்டும் இளகும். அடிமண் உறைந்தபடியே கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே நிற்க, வீட்டுக்கு வரும் பாதை முழுதும் கூழாகிவிடும். அவ்வூரார் இதைச் சேற்றுப் பருவம் என்று தனிப் பருவமாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சாரத்தில் பனி உறைவதில்லை. ஆனால் உறைந்த அடிமண்ணின் வேலையைச் செய்ய இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்: களிமண், மழைக்காலத்தில் மேலேறி வரும் நிலத்தடி நீர், நாற்புறமும் கட்டிவைத்த கான்கிரீட். கோரிமேடு, லாசுப்பேட்டைப் பக்கத்து மேட்டுநிலம் தன் பங்குத் தண்ணீரையும் பள்ளத்தை நோக்கி அனுப்பி உதவுகிறது. நீர் கீழேயும் போகாது, பக்கவாட்டிலும் போகாது. வெர்மான்ட்டுக்காரருக்கும் நமக்கும் வேறுபாடு குளிரில்தானே தவிர, கொள்கையில் இல்லை.

தண்ணீர் வரத்தில் புதுச்சேரிக்குப் பெரும்பாலும் குறை இருந்ததில்லை. ஆண்டுக்குச் சுமார் 1300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் பெய்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! அந்தப் புயலுக்குப் பெயர் கொடுத்த நாடு சவூதி அரேபியா என்பது மேலாய்வுக்குரிய செய்தி.

3. வகைமை

சேற்றை அறிவியல் முறைப்படி வகுத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஆல்பெர்ட் அட்டர்பெர்க். களிமண் எவ்வளவு நீரில் குழையும், எவ்வளவு நீரில் ஓடும் என்பதற்கு 1911-இல் அவர் எல்லைகள் வகுத்தார். மண்ணைக் கையால் திரித்துக்கொண்டே போய், 3 மில்லிமீட்டர் கனத்தில் அது கைமுறுக்கு மாவுபோல் விரிசல்விட்டு உடைந்தால், அங்கே குழைவு எல்லை. பின்னாளில் ஆர்தர் காசாகிராண்டே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் ஈரமண்ணை வைத்துக் கீறி, 25 முறை தட்டியதும் கீறல் மூடிக்கொண்டால் அது நீர்ம எல்லை என்று நெறிப்படுத்தினார்.

சாரத்தில் இச்சோதனைக்குக் கிண்ணம் தேவையில்லை; ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டே போதும். ஸ்டாண்ட் தடம் மட்டும் பதித்தால் முதல் வகை. மெல்ல இறங்கி, வீட்டுக்காரர் சட்டை மாட்டுவதற்குள் வண்டி சாய்ந்தால் இரண்டாம் வகை. ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த ஓட்டுத்துண்டும் சேர்ந்தே மறைந்தால் மூன்றாம் வகை. மார்கழிக் கோலம் இச்சோதனையைவிட நுட்பமானது. முதல் வகைச் சேற்றிலேயே அது தோற்றுவிடும்.

4. முன்னோர் ஆய்வுகள்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பிரெஞ்சுப் பொறியாளரை விட்டுவிட்டுப் பேசுவது முறையாகாது. பியர் திரெசாகே 1764 முதல் லிமோழ் பகுதியில் சாலைகளைக் கவனித்தவர். அடிநிலத்தையே நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் வெட்டி, அதன்மேல் பெருங்கல், அதன்மேல் சிறுகல் என்று அடுக்கச் சொன்னார். 1775-இல் அதை அறிக்கையாகவும் எழுதி வைத்தார். அவர் லிமோழில் வேலையைத் தொடங்கியபோது பாண்டிச்சேரி எப்படி இருந்தது? 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டுப் போனதால், ஊரே இடிசல் குவியலாகக் கிடந்தது. வாசலில் இடிசல் கொட்டும் நம் மரபுக்கு இவ்வூரில் மூலப்பொருள் பற்றாக்குறை ஒருபோதும் இருந்திருக்காது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். பாரத்தைத் தாங்குவது கல்லன்று, அடியிலிருக்கும் நாட்டுமண்தான். அது காய்ந்திருக்கும்வரை எதையும் தாங்கும். உடைகல்லின் வேலை அதன்மேல் கூரையாக இருப்பதே. அவர் சொல்லி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சாரத்துக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

5. வழக்கிலுள்ள சிகிச்சைகள்

(அ) இடிசல். வீடு இடித்த செங்கல், சுண்ணாம்பு, உடைந்த டைல்ஸ் ஆகியவை குட்டி யானையில் வந்து இறங்கும். முதல் வாரம் வெற்றி. அதன்பின் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் செங்கல் கீழே போகும், களி மேலே வரும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் சேறு இருக்கும்; செங்கல் இருந்ததற்குச் சைக்கிள் டியூப் மட்டுமே சாட்சி.

(ஆ) செம்மண் கிராவல். பார்வைக்கு அழகு, காய்ந்தால் கெட்டி. நனைந்ததும் தன் பூர்வீகத்தை நினைத்துக்கொள்ளும். சாம்பல்நிறச் சேறு செந்நிறச் சேறாக மாறுவதே நிகர லாபம்.

(இ) ஜல்லி. வானூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருவது. முனை மழுங்காத ஒன்றரை இஞ்சு ஜல்லி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மேலே முக்கால் ஜல்லியும் கிரஷர் தூளும் போட்டு இடித்தால் நிற்கும். ஆனால் சேற்றின்மேல் நேரே கொட்டினால் செங்கல்லின் கதிதான்.

(ஈ) சாக்கு. ஏளனத்துக்கு ஆளான இம்முறையே ஆய்வில் வியப்பளித்தது. காலி அரிசிப் பையையோ சிமெண்ட் பையையோ பிரித்து விரித்து, மேலே ஜல்லி போடும் பாட்டிமார், நெடுஞ்சாலைப் பொறியாளர் செய்வதையே செய்கிறார்கள். பொறியாளர் விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழைதான். இந்தப் பைகளும் அப்படியே. மண்ணையும் கல்லையும் கலக்கவிடாமல் பிரித்து வைப்பதே இரண்டுக்கும் வேலை.

6. மேடுயர்த்தல் விதி

நான்கு சிகிச்சைக்கும் பொதுவான பக்கவிளைவு ஒன்று உண்டு: வாசல் உயரும். இங்கிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. முதலாவது, ஒரு வாசல் உயர்ந்தால் அதன் தண்ணீர் அடுத்த வாசலில் நிற்கும். இரண்டாவது, அடுத்த வாசல்காரர் அடுத்த ஆண்டு ஒரு பிடி கூடுதலாக உயர்த்துவார். மூன்றாவது, பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டு, சாலை இருவரையும் வெல்லும். படியேறிப் போன வீடுகளுக்கு இன்று படியிறங்கிப் போகிறோம் என்றால் இம்மூன்று விதிகளே காரணம்.

களப்பணியில் கேட்ட உரையாடல் ஒன்று சான்றாகிறது.

“அண்ணே, உங்க வாசல் தண்ணியெல்லாம் எங்க வாசல்ல வந்து நிக்குது.”

“தண்ணி பள்ளத்துக்குத்தான வரும் தம்பி. நீங்களும் ஒரு வண்டி அடிச்சிடுங்க.”

நீரியல், பொருளியல், அண்டை உறவு ஆகிய மூன்று துறைகளையும் இவ்வளவு சுருக்கமாக இணைத்த கூற்று வேறு இல்லை.

7. முடிவும் பரிந்துரையும்

தீர்வு மலிவானது. ஐம்பதடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, வாசலோரம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தெருக் கால்வாயில் சேர்த்துவிட்டால் நாட்டுமண் காய்ந்துவிடும். பிறகு பை, ஜல்லி, தூள். கருவி: ஒரு மண்வெட்டி. காலம்: ஆடி முதல் புரட்டாசிக்குள்.

நடைமுறையில் தடைகள் உண்டு. சேறு இருக்கும்போது வெட்ட முடியாது. வெட்ட முடிகிற மாதத்தில் சேறு இல்லாததால் நினைவும் இல்லை. மேலும், ஒரு வாசலில் மட்டும் வெட்டிய வாய்க்கால் அடுத்த வாசலில் போய் முட்டி நிற்கும். தெரு முழுதும் சேர்ந்து வெட்டினால்தான் தண்ணீர் நகரும். அதற்கு யாராவது ஒருவர் முதலில் மண்வெட்டியை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவரிடம் மறுநாளே தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்ற புகார்களும் வந்து சேர்ந்துவிடும் என்பதால், இத்துறை அறிஞர்கள் கட்டுரை எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.