மெக்கானிக் சீட்டும் மச்சினன் வண்டியும்

வாடா பேராண்டி, இந்தக் கட்டில்ல உட்காரு. கையில என்ன, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டா? கொண்டா, கண்ணாடியைப் போட்டுக்கிடுறேன். அடேயப்பா, 86,000 ரூபாயா! அடியில ‘தோராயமா’ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கான் பாத்தியா? அந்த வார்த்தைக்குத் தனியா ஒரு இருபதாயிரம் எடுத்து வச்சுக்க.

“வண்டியே 90,000தான் பெறும், அதுக்கு 86,000 செலவா தாத்தா?”ன்னு கேக்கிற. நியாயமான கேள்விதான். படிச்ச புள்ள கேக்க வேண்டிய கேள்வி. ஆனா வண்டி செத்துக் கிடக்குன்னு சொல்ல வந்தவன் முகத்தில கொஞ்சமாவது துக்கம் இருக்கணுமில்ல? உன் முகத்தில ஷோரூம் லைட்டுல்ல எரியுது.

சரி, கேட்டது கேட்டுட்ட. பஞ்சு மார்க்கெட் பக்கம் அம்பாசடர் டாக்சி ஓட்டித்தான் உன் அப்பனைப் படிக்க வச்சேன். அந்தப் பாத்தியதையில சொல்றேன், கேட்டுக்க. எங்க காலத்தில இந்தக் கேள்வியே வராது. பழைய வண்டியை ஏன் ரிப்பேர் பாத்தோம்? புத்தி இருந்ததாலன்னு நினைக்காத. புது வண்டி கிடைக்காது, அம்புட்டுதான். எழுதிப் போட்டுட்டு வருசக்கணக்கா காத்துக் கிடக்கணும். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில 1957-ல செய்ய ஆரம்பிச்ச வண்டியை, மூஞ்சியை மட்டும் அப்பப்ப மாத்தி, 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சாங்க. அதனால எந்தப் பட்டிக்காட்டில நின்னாலும் அந்த வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைச்சது, அதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவனும் கிடைச்சான். ரிப்பேர் பாக்கலாமா வேண்டாமாங்கிறதில பாதிப் பதில் அங்கதான் இருக்கு. வண்டி செய்றதை நிப்பாட்டி மூணு வருசம் கழிச்சு, 2017-ல, அம்பாசடர்ங்கிற வெறும் பேரை மட்டும் பியூஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு வித்தாங்க. உன் வண்டிப் பேருக்கு எவனாவது 80 ரூபா தருவானான்னு கேட்டுப் பாரேன். நான் அந்தப் பேரைச் சொல்லப் போறதில்ல. எனக்கெதுக்கு வம்பு?

என்னது, இன்சூரன்ஸ்காரனே சொல்றானா? ஆமா, விபத்தில அடிபட்ட வண்டிக்கு, அவன் போட்டிருக்கிற மதிப்பில 75 சதவீதத்துக்கு மேல ரிப்பேர் வந்தா, ‘டோட்டல் லாஸ்’னு எழுதிருவான். உன் 90,000-க்குக் கணக்குப் போட்டா 67,500. சீட்டு அதைத் தாண்டிருச்சு, அதனால தலை முழுகிரலாம். நல்லா இருக்குடா கணக்கு. ஆனா அவன் கணக்கை முடிச்சுட்டுப் போறவன். காசைக் கையில கொடுத்துட்டா மறுநாள் நீ பஸ்ஸில போறியா நடந்து போறியான்னு அவனுக்கு என்ன கவலை? நீ விடிஞ்சா சீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகணும். வண்டி எம்புட்டுக்குப் போகும்னு புரோக்கர் பாக்கட்டும். இதை விட்டுட்டா அடுத்தது உனக்கு எம்புட்டு ஆகும், அதை நீ பாரு.

பாப்பமா? சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்ல 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சதைத்தான் நீ ஜாதகம் மாதிரி மனப்பாடமா வச்சிருக்கியே. அந்த 18-லயே வாங்குறதா வச்சுக்கிடுவோம். ஷோரூம் விலை ஆறு லட்சம், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ரோட்டில இறக்க ஏழு. கையில இருந்து ஒண்ணரை போட்டு மிச்சம் அஞ்சரை லட்சத்துக்குக் கடன், 9 வட்டி, அஞ்சு வருசம். மாசம் 11,400 ரூபா சொச்சம் வரும். அப்படி அறுபது மாசம். மழை பேஞ்சாலும் கட்டணும், வேலை போனாலும் கட்டணும். அதோட இன்சூரன்ஸ்காரனோட தேய்மானப் பட்டியலையும் எடுத்துப் பாரு. ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம், வருசத்துக்குள்ள 15, ஒரு வருசம் தாண்டுனா 20. ஆறு லட்சத்தில 20 சதவீதம் 1,20,000. உன் பழைய வண்டியை மொத்தமா வித்தாலும் வராத காசு, புது வண்டியில சத்தமில்லாமக் கரைஞ்சு போகும். அதுக்கு நீ அழ மாட்ட. ஏன்னா அதை எந்த மெக்கானிக்கும் சீட்டில எழுதித் தர்றதில்ல.

இப்ப இந்தச் சீட்டைப் பாப்போம். டிங்கரிங், பெயிண்டிங் 20,000. யாருக்குடா இந்த அலங்காரம்? வண்டிக்குள்ள உட்கார்ந்து ஓட்டுறவனுக்கு வெளிப் பெயிண்ட் தெரியவா போகுது? பாக்கிறவனுக்காகச் செய்றதுன்னா பாக்கிறவன்கிட்ட வசூல் பண்ணு. ஏ.சி. கம்ப்ரசர் 16,000. சித்திரை வெயிலுக்கு வேணும்னு சொல்லுவ. வேணும்தான். ஆனா சீவில்லிபுத்தூர் என்ன சீமையிலயா இருக்கு, 12 கிலோமீட்டர். ஏ.சி. குளிர்றதுக்குள்ள ஆண்டாள் கோபுரம் கண்ணுக்குத் தெரிஞ்சிரும்.

என்ஜின் வேலை 26,000. இங்கதான் நீ வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கணும். புகை எப்ப வருதுன்னு கேட்டானா அவன்? காலையில ஸ்டார்ட் பண்றப்ப ஒரு பொட்டு நீலப் புகை வந்து நின்னுட்டா, அது பெரும்பாலும் வால்வு சீல். சின்ன வேலை. ஏத்தத்தில மிதிக்கிறப்பவும் விடாம வந்தா ரிங் போச்சு. வெள்ளைப் புகை வந்து ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் செக் பண்ணச் சொல்லு. ஒரு சிலிண்டர்ல குறைவாக் காட்டுனா, அதில ரெண்டு சொட்டு ஆயில் விட்டு மறுபடி செக் பண்ணச் சொல்லு. ஏறுச்சுன்னா ரிங், ஏறலைன்னா வால்வு. இதைக் கேட்டதும் மெக்கானிக் முகம் சுளிச்சா சீட்டைக் கொடுத்துட்டு வந்துரு. சிரிச்சான்னா அவன்கிட்டயே வேலையைக் கொடு. கூடவே பெட்ரோல் ஹோஸையும் பாக்கச் சொல்லு. இப்ப பங்குல 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் ஊத்துறான். பழைய வண்டியோட ரப்பருக்கும் கேஸ்கெட்டுக்கும் அது ஒத்துக்கிடாம போகலாம்.

கிளட்ச் 7,000, நாலு டயர் 13,000, பிரேக்கும் புஷ்ஷும் 4,000. இதில கை வைக்காத. ஆக 24,000. அந்த 11,400-ல ரெண்டு மாசத் தவணை, மேல ஒரு 1,200. சீட்டில மிச்சம் இருக்கிறதில என்ஜின் சந்தேகம், ஏ.சி. சொகுசு, பெயிண்ட் உன் மச்சினன்.

ஆமாடா, மச்சினன்தான். போன ஆடிப்பூரத்துக்கு அவன் அந்த வெள்ளை வண்டியில வந்து இறங்குன நாள்ல இருந்துதான் உன் வண்டியில கொடகொடன்னு சத்தம் கேக்க ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு முன்ன அந்தச் சத்தம் உன் காதில விழல. அவன் வண்டிச் சாவியை மேசையில வைக்கிறதையே நீ எப்படிப் பாத்தேன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நம்ம ஊர் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரா இருந்தவரு. இருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டாரு. விடுறதுன்னா அப்படி விடணும், யாரையும் ஓரக்கண்ணால பாக்காம.

ஆடிப்பூரம்னதும் தேர் ஞாபகம் வருது. முன்னயெல்லாம் ஆண்டாள் தேருக்கு மரச்சக்கரம். நகர்த்திக் கொண்டு வந்து நிலையில சேக்கிறதுக்குள்ள படாத பாடு. பெறவு என்ன செஞ்சாங்க? இரும்புச் சக்கரம் மாட்டி ஹைட்ராலிக் பிரேக் வச்சாங்க. தேரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு எவனும் சொல்லல. ரொம்பப் பூரிச்சுப் போகாத. அதை இழுக்க ஊரே திரண்டு வரும். நீ நடுரோட்டில நின்னா தள்ள நான்தான் வரணும், எனக்கு இடுப்பு வலி.

எல்லாத்தையும் காப்பாத்தி வைக்கணும்னும் நான் சொல்லல. 1983 டிசம்பர் 14-ல இந்திரா காந்தி கையால முதல் மாருதி 800 சாவியை வாங்குனவரு டெல்லி ஹர்பால் சிங். 2010-ல சாகிற வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கல. அவருக்குப் பெறவு அது வீட்டு வாசல்ல வெயிலும் மழையும் பட்டுத் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அப்புறம் கம்பெனியே சரி பண்ணி, தலைமை ஆபீசில காட்சிக்கு வச்சிருச்சு. முதல் வண்டிங்கிறதால அதுக்கு அந்த மரியாதை. உன் வண்டி எத்தனையாவது வண்டின்னு கம்பெனிக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

இனி கவனமாக் கேளு. இம்புட்டு நேரம் சொன்னதெல்லாம் வண்டியோட எலும்பு நல்லா இருந்தா. என்ஜினை இறக்கி ஏத்திரலாம், கியர்பாக்ஸ் மாத்திரலாம். பாடியில துரு உள்ள இறங்கிருச்சுன்னா பிரம்மா வந்தாலும் ஒட்டுதான் போடணும். அதனால நேத்து ராத்திரி நீ தூங்குன பெறவு டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கிட்டுப் போனேன். முறைக்காத. சாவி ஆணியிலதான் தொங்குச்சு.

கதவுப் படிக்குக் கீழ குத்திப் பாத்தேன், கெட்டியா இருக்கு. சக்கரத்தைத் தாங்குற இடமும் கெட்டி. ஸ்டெப்னியைத் தூக்குனேன், அடியில என் சுண்டு விரல் போற அளவுக்கு ஓட்டை. நம்ம ஊர் மேகாத்துக்கு இப்படித் துருப்பிடிக்காதேன்னு யோசிச்சு, டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவுனேன். வெளிய தெரியிற வரைக்கும் கறுப்பு. உள்ள சுருண்டு கிடந்த துண்டில, கோடு கிழிச்சாப்பில செம்பழுப்புச் சேறு. மேட்டைத் தூக்குனா சீட் தண்டவாளத்திலயும் அதே சேறு, காஞ்சு பொடியா.

நாலு வருசத்துக்கு முன்ன இதைச் சென்னையில வாங்குனப்ப புரோக்கர் என்ன சொன்னான்? “ஒரே ஓனர், டாக்டர் ஓட்டுன வண்டி.” 2012-ல பதிவான வண்டி, 2015 டிசம்பர் வெள்ளத்தில அது எங்க நின்னுச்சுன்னு நீ கேட்டியா? டாக்டர் வண்டிதான், இல்லைங்கல. ஒரு வாரம் தண்ணிக்குள்ள அட்மிட் ஆகியிருக்கு. வைப்பர் போட்டா ஹாரன் அடிக்குதுன்னு சிரிச்சியே, இப்பத் தெரியுதா? ஒயரிங் கனெக்டர்ல தண்ணி ஏறி, செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. மெக்கானிக் சீட்டில அது ஒரு வரி கூட இல்ல பாரு. இன்னைக்கு என்ஜினுக்கு 26,000 கொட்டுனாலும் நாளைக்கு எந்த ஒயர் எங்க கருகும்னு அவனும் சொல்ல மாட்டான், நீயும் சொல்ல முடியாது.

அதனால இதுக்குப் பெரிய வைத்தியம் வேண்டாம். கிளட்ச் போடு. பிரேக், புஷ் போடு. முன் டயர்ல இன்னும் பட்டன் இருக்கு, பின்னால ரெண்டு மட்டும் மாத்து. 17,500-ல முடிஞ்சிரும், ஒண்ணரை மாசத் தவணை. டிரைவர் பெல்ட்டை மாத்திரு, சேத்தில ஊறுன சுருளை நம்பி மதுரை ரோட்டில போகாத. டிக்கியில ஒரு தீயணைப்பான் வச்சுக்க. ராத்திரி நிறுத்துறப்ப பேட்டரி ஒயரைக் கழட்டி விடு. ஆர்.சி. 2027 வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் ஓட்டு. அந்த மாசாமாசம் 11,400-ஐ இப்ப இருந்தே பேங்கில போடு பாப்போம். கட்ட முடியுதா இல்லையான்னு கடன் வாங்குறதுக்கு முன்னயே தெரிஞ்சிரும்.

15 வருசம் முடிஞ்சா அஞ்சஞ்சு வருசமாப் புதுப்பிக்கலாம், பழைய வண்டியை ஓட்டக் கூடாதுங்கிற டெல்லி உத்தரவு இங்க இல்ல. காருக்கு 5,000 ரூபா கட்டணம், 20 வருசம் தாண்டுனா 10,000. பசுமை வரி தனி. காசு போனாப் போகுது. வண்டியை நிறுத்தி ஆய்வாளர் குனிஞ்சு பாக்கிறப்ப அந்த ஓட்டை வழியா அவருக்கு உன் முகம் தெரியுமேடா. அதனால அதோட போதும். பதிவு பெற்ற ஸ்கிராப் கம்பெனியில ஒப்படைச்சு, அவன் தர்ற சான்றிதழை வாங்கு. அதை வச்சா அடுத்த வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, வாகன வரியிலயும் 25 சதவீதம் வரைக்கும் குறைக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு இடம் கொடுத்திருக்கு. ரெண்டாயிரம் கூடத் தர்றான்னு பழைய இரும்புக் கடையில தள்ளி விட்டுட்டு, ஆர்.சி.யை ரத்து பண்ணாம வந்துராத. உன் சேசிஸ் நம்பர் வேற எங்கயாவது வேற வண்டியில ஓடிக்கிட்டு இருக்கும். போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுறப்ப நான் திண்ணையில இல்லைன்னு சொல்லிருவேன். இன்னொருத்தன் தலையில கட்டணும்னு நினைச்சா, பெல்ட்டை உருவிக் காட்டிட்டுக் கட்டு.

போடா, வேலைக்கு நேரமாச்சு. இரு, ஒண்ணு விட்டுப் போச்சு. மச்சினன் அந்த வெள்ளை வண்டியைப் பாதி விலைக்குச் சென்னையில அமுக்குனதா ஊரெல்லாம் சொல்லித் திரியிறான்ல? அவனும் ஒரே ஓனர்னுதான் சொன்னான். போன ஆடிப்பூரத்துக்கு அவன் சாப்பிட உட்கார்ந்தப்ப, சாவி மேசையிலதான் இருந்துச்சு. அவன் பெல்ட்டையும் உருவிப் பாத்தேன்.

என்ன இருந்துச்சா? அதை நான் சொல்ல மாட்டேன். சம்பந்தி வீட்டு விசயம்.