டிரைபாட் – 1 எண் (நல்ல தரமானது)

அனுப்புநர்: ஆடாத படம் எடுக்கச் சொல்லி ஆடும் கால் கொடுக்கப்பட்ட ஒளிப்பதிவாளர்கள் சார்பாக.

பெறுநர்: கொள்முதல் குழுவின் மாண்புமிகு உறுப்பினர்கள். எந்தக் கல்லூரி, எந்த அலுவலகம் என்று குறிப்பிடத் தேவையில்லை. குழுக்கள் எங்கும் ஒன்றே.

பொருள்: வீடியோ கேமராவுக்கு டிரைபாட் வாங்கியது – குழுவைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விவரக்குறிப்புப் பட்டியலின் கடைசி வரி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் கேமராவுக்கு மட்டும் இரண்டு பக்கம். சென்சாரின் அளவு, 4கே, நொடிக்கு 60 ஃபிரேம், 10 பிட் நிறம், இரண்டு கார்டு போடும் வசதி, வாரண்டி என்று ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கிறது. மெமரி கார்டின் வேகத்துக்குக்கூட ஒரு வரி உண்டு. அதெல்லாம் முடிந்து, பக்கத்தின் அடியில், லென்ஸ் துடைக்கும் துணிக்கும் கேமரா பைக்கும் கீழே இப்படி ஒரு வரி: 'டிரைபாட் – 1 எண் (நல்ல தரமானது).' இந்தச் சுருக்கம் குழுக்களுக்கே கைவந்த கலை.

சந்தையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கும் டிரைபாட் கிடைக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. இரண்டையுமே 'நல்ல தரமானது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆகவே எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், யார் என்பதில் குழுவுக்கு எந்தக் குழப்பமும் நேரவில்லை. பொருள் வந்து இறங்கிய நாளில் ஸ்டோர் ரூமில் தொழில்நுட்ப ஆய்வும் முறைப்படி நடந்தது: கேமராவின் அடியில் திருகு ஏறுகிறதா? ஏறியது. 'பொருந்துகிறது' என்று இருப்புப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று.

இங்கே ஒரு சிறு தகவலைக் குழுவின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. டிரைபாட் திருகுக்கு ஐஎஸ்ஓ 1222 என்று ஓர் உலகத் தரமே இருக்கிறது. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. கனமான கருவிகளுக்கு எட்டில் மூன்று அங்குலம், 16 புரி. உலகமே மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் அங்குலத்திலேயே நிற்கும் திருகு இது. செல்போன் மாட்டும் பிளாஸ்டிக் கவ்வியிலும் இதே துளைதான், சினிமாக் கேமராவிலும் இதே துளைதான். ஆகவே அது பொருந்தாமல் போக வாய்ப்பே இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊரில், எந்த ஜாதகத்துக்கும் அமைகிற ஒரே பொருத்தத்தைப் பார்த்துவிட்டுத் தாலி எடுத்துக் கொடுத்திருக்கிறது குழு.

விளைவு பட்டமளிப்பு விழாவில் தெரிந்தது. கால்களின் மேல் கேமராவைத் தாங்கும் ஹெட்டாக வந்திருந்தது பால் ஹெட். புகைப்படக்காரர்களுக்கு அருமையான சாதனம்: ஒரு திருகைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் சாயும், இறுக்கினால் அப்படியே நிற்கும், ஒரு கிளிக், வேலை முடிந்தது. வீடியோவுக்கு அது நேர் விரோதம். துணைவேந்தர் மேடையின் இடமிருந்து வலமாக நடக்கிறார். கேமரா அவரைத் தொடர வேண்டும். திருகைத் தளர்த்திய உடனே மூன்று அச்சும் ஒன்றாக அவிழ்ந்துகொள்கின்றன. முதலில் மேடை சாய்கிறது, அப்புறம் துணைவேந்தர் மலையேறத் தொடங்குகிறார், சரிசெய்யப் போன கை ஒரு இழுப்பு இழுக்க, ஃபிரேமில் பூச்செண்டு மட்டும் மிஞ்சுகிறது. 4கே என்பதால் பூச்செண்டின் ஒவ்வொரு இதழும் துல்லியமாகத் தெரிந்ததைக் குழு தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீடியோவுக்கென்று இருப்பது ஃப்ளூயிட் ஹெட். உள்ளே தகடுகளுக்கு இடையே கெட்டியான திரவமோ கிரீஸோ இருக்கும். கைப்பிடியை நகர்த்தும்போது அது ஒரே சீராக எதிர்ப்பதால் கையின் நடுக்கம் படத்துக்குப் போய்ச் சேராது. இதைத்தான் டிராக் என்கிறார்கள். பேன் செய்ய (பக்கவாட்டில் திருப்ப) ஒரு அளவு, டில்ட் செய்ய (மேலும் கீழும் சாய்க்க) ஒரு அளவு என்று தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். சிட்னியில் எரிக் மில்லர் இப்படியொரு ஹெட்டுக்கு 1940களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கலிஃபோர்னியாவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியாளருக்கு நீராவி ரயில்களைப் படமெடுக்கும் பைத்தியம். ஓடும் எஞ்சினைக் குலுங்காமல் தொடர்வதற்காகத் தனக்கென்று ஒரு ஹெட் செய்துகொண்டார். ரயில் பைத்தியத்தில் அவருக்குச் சற்றும் சளைக்காத வால்ட் டிஸ்னி அதைப் பார்த்துவிட்டுத் தன் இயற்கைப் படங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக 1970களில் ஒரு முறையும் 1990களில் ஒரு முறையும் ஹாலிவுட்டின் அகாடமி ஓ'கானரைக் கௌரவித்தது. இத்தனைக்கும் அவர் எந்த டெண்டரிலும் கலந்துகொள்ளவில்லை.

அடுத்து பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த '10 கிலோ தாங்கும்' என்ற வரி. குழு இதைப் பார்த்துத்தான் மயங்கியது என்று கோப்பு சொல்கிறது. இன்னொரு நிறுவனம் '4 கிலோ' என்று மட்டும் எழுதி இரண்டு மடங்கு விலை கேட்டதாம். கொள்ளை என்று ஓரத்தில் பென்சிலில் குறிப்பு வேறு.

10 கிலோ என்பது நின்ற இடத்தில் நொறுங்காமல் தாங்கும் எடை. எப்படி அளந்தார்கள் என்று பெட்டியில் இருக்காது. அந்த 4 கிலோ வேறு கணக்கு. கேமராவை முன்னால் குனியவைத்துக் கைப்பிடியை விட்டுவிட்டால், அதே கோணத்தில் அப்படியே நிற்க வேண்டும். மூக்குக் குப்புற விழவும் கூடாது, துள்ளி எழவும் கூடாது. இதற்காக ஹெட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறது. பெயர் கவுன்டர்பேலன்ஸ். எவ்வளவு எடை வரை அந்த ஸ்பிரிங் சமன் செய்யும் என்பதுதான் நேர்மையான தயாரிப்பாளர் எழுதும் எண். கூடவே எடை மையம் எத்தனை உயரத்தில் இருக்கலாம் என்பதையும் எழுதுவார். ஏனென்றால் கேமரா சாயும்போது அதைக் கவிழ்க்கப் பார்ப்பது எடை மட்டுமில்லை, எடையும் உயரமும் சேர்ந்துதான். சாயும் அச்சிலிருந்து 6 செ.மீ. மேலே எடை மையம் இருந்த கேமராவின் தலையில் மானிட்டர், மைக் ரிசீவர், விளக்கு என்று ஏற்றி மையத்தை 12 செ.மீ.க்கு உயர்த்தினால், எடை துளியும் கூடாவிட்டாலும் ஸ்பிரிங் தாங்க வேண்டிய திருப்புவிசை இரட்டிப்பாகிவிடும். தலையில் ஏற்றியவற்றின் எடை தனி.

தலைகீழ்ப் பிழையும் உண்டு. பெரிய ஹெட் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து 4 கிலோவுக்கென்று மாற்றமுடியாத ஸ்பிரிங் வைத்த ஹெட்டை வாங்கி, அதில் ஒன்றரை கிலோ மிரர்லெஸ் கேமராவை உட்கார வைப்பார்கள். கீழே குனியவைத்தால் அது அடங்காமல் எழும். மணிக்கணக்கில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே பட்டிமன்றம் பதிவு செய்த மாணவரின் மணிக்கட்டைக் கேட்டால் தெரியும். படிப்படியாக மாற்றக்கூடிய கவுன்டர்பேலன்ஸ் உள்ள ஹெட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. சாக்ட்லரின் ஏஸ் எம் போன்ற ஆரம்பநிலை ஹெட்டிலேயே அரை கிலோ முதல் 4 கிலோ வரை படி மாற்றிக்கொள்ளலாம். கேமரா மாறினாலும் குமிழைத் திருகினால் போதும்.

கால்களைப் பற்றிக் குழுவின் கருத்து 'மூன்று இருக்கின்றன' என்பதோடு நிறைவடைகிறது. எண்ணிக்கை சரியே.

ஆனால் வீடியோவில் காலைச் சோதிப்பது பாரத்தைவிட முறுக்குதான். பேன் செய்யத் தொடங்கும்போது ஹெட்டின் டிராக் எதிர்க்கிறது; அந்த எதிர்ப்பு கால்களுக்குப் போகிறது. கால் மெலிந்ததாக இருந்தால் கேமரா நகரும் முன் கால் முறுக்கிக்கொள்ளும். பிறகு தாமதமாக ஒரு துள்ளல். நிறுத்திக் கையை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து படம் பின்னால் திரும்பி வரும். மாணவர்கள் இதைத் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கொடுமை. எவ்வளவு பின்வாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் மாட்டினால் அகலவாக்கில் தெரிவது ஏறக்குறைய 10 டிகிரி மட்டும். 4கே படத்தில் அந்த 10 டிகிரிக்குள் 3,840 புள்ளிகள். கால் வெறும் பத்தில் ஒரு டிகிரி முறுக்கி அவிழ்ந்தால் படம் 37 புள்ளி குதிக்கும். அரங்கில் 20 மீட்டர் தள்ளி நிற்பவர் மூன்றரை சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றதற்குச் சமம். இரண்டு பக்கம் எழுதி வாங்கிய 4கே இதைத்தான் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது. பழைய கேமராவாக இருந்தால் கொஞ்சம் மறைத்திருக்கும்.

இதனால்தான் வீடியோ டிரைபாட்கள் பலவற்றில் ஒவ்வொரு காலும் இரண்டு குழாய் சேர்ந்ததாக இருக்கும். 2017-இல் வந்த சாக்ட்லர் ஃப்ளோடெக் 75-இல் கார்பன் கால்களின் பூட்டுகளைக் குனியாமல் மேலேயே நின்று திறக்கலாம். கார்பனுக்கு விலை அதிகம் என்றால் அலுமினிய இரட்டைக் குழாயே போதும். கொஞ்சம் கனக்கும், கனப்பது நல்லதும்கூட. நடுவில் தண்டு வைத்து உயரம் கூட்டும் டிரைபாட் மட்டும் வேண்டாம். தண்டை ஏற்றிய பிறகு மூன்று காலின் உறுதியும் ஒற்றைக் கம்பியின் உச்சியில் போய் நிற்கிறது.

பவுல் விஷயத்தில் குழு தப்பித்துவிட்டது, ஏனெனில் வாங்கிய டிரைபாட்டில் பவுலே இல்லை. கால்கள் சேரும் இடத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும்; ஹெட்டின் அடியில் உள்ள அரைக்கோளம் அதில் உட்காரும். கீழே ஒரு பிடியைத் தளர்த்தி, நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினால் சில நொடியில் மட்டம் கிடைத்துவிடும். பவுல் இல்லாதவர்கள் ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைத்து மட்டம் தேடுவார்கள். அதற்குள் குத்துவிளக்கு ஏற்றி முடிந்திருக்கும். பவுல் விட்டம் 75, 100, 150 மி.மீ. என்று வகைப்படும். கல்லூரி வேலைக்கு 75 போதும். ஹெட்டும் காலும் ஒரே அளவு பவுலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பின்னால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கால்களை அகலாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்ப்ரெடரில் தரையோடு படுக்கும் வகை ஒன்று, நடுவில் நிற்கும் வகை ஒன்று. கல்யாண மண்டபத்து கிரானைட் தரையில் முதல் வகை அற்புதம். கோயில் படிக்கட்டிலும் வயல் வரப்பிலும் இரண்டாவதுதான் உதவும். அதிகபட்ச உயரம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், குறைந்தபட்ச உயரத்தை யாரும் கேட்பதில்லை. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே கேமராவை வைப்பதற்காகக் குட்டையான தனி டிரைபாட் வைத்திருந்தார். அவருடைய படங்களை இன்றும் பாடமாக நடத்தும் துறைகள் இடுப்புக்குக் கீழே இறங்காத டிரைபாட்டை வைத்துக்கொண்டுதான் நடத்துகின்றன.

இதற்கெல்லாம் குழுவிடம் தயாராக ஒரு பதில் உண்டு: 'பிராண்டு பெயர் எழுதக் கூடாது, குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், மீறினால் தணிக்கையில் ஆட்சேபணை வரும்.' பிராண்டு பெயரை யாரும் கேட்கவில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 144, வாங்கும் நிறுவனத்தின் தேவையை ஒட்டித் தரத்தையும் வகையையும் தெளிவாக எழுதச் சொல்கிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் ஆவணத்தில் எழுதிய, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்துத்தான் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை முடிவுசெய்யச் சொல்கிறது. எழுதாத காரணியை எந்தச் சட்டமும் அளக்காது. கடைசி வரியில் தவறு செய்தது சட்டம் இல்லை.

இன்னொரு கணக்கும் தணிக்கைக்குப் பிடிக்கும். சோனி பிடி170 வீடியோ கேமராவின் காலத்தில், அதாவது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வாங்கிய நல்ல டிரைபாட்கள் இன்றும் ஸ்டுடியோக்களில் நிற்கின்றன. பிடி170-உம் அதன் டேப்பும் காணாமல் போயின. பிறகு டிஎஸ்எல்ஆர் வந்தது. 2021-இல் வந்த எஃப்எக்ஸ்3 இப்போது அதே காலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேமரா சில வருடங்களில் கழிவுப் பட்டியலுக்குப் போய்விடும். டிரைபாட்டோ, ஒட்டிய கடற்கரை மணலைக் கழுவித் துடைத்து வைத்தால், இரண்டு தலைமுறை மாணவர்களைப் பார்க்கும்.

குழுவின் நேரம் மதிப்புமிக்கது என்பதால் விவரக்குறிப்பும் இங்கேயே எழுதித் தரப்படுகிறது: 'கேமரா, லென்ஸ், மைக், மானிட்டர், பேட்டரி எல்லாம் பூட்டிய நிலையில் எடை இத்தனை கிலோ, எடை மையம் கேமரா உட்காரும் தட்டிலிருந்து இத்தனை செ.மீ. இந்த எடையும் இதில் பாதி எடையும் சமன்படும்படி மாற்றக்கூடிய கவுன்டர்பேலன்ஸ் கொண்ட ஃப்ளூயிட் ஹெட். பேன், டில்ட் இரண்டுக்கும் தனித்தனியே டிராக் படிகள். 75 மி.மீ. பவுல். இரட்டைக் குழாய்க் கால்கள், நடுத்தண்டு கூடாது. மாற்றக்கூடிய ஸ்ப்ரெடர். விலை உறையைப் பிரிக்கும் முன் மாதிரியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.' எடை மையத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தங்கள் இயற்பியல் துறையைக் கேட்கலாம். அவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

மாதிரி வந்த நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கால்களை முழு உயரத்துக்கு நீட்டி, கல்லூரியின் சொந்தக் கேமராவை இருப்பதிலேயே நீளமான லென்ஸோடு ஏற்ற வேண்டும். முன்னும் பின்னும் சாய்த்துக் கைப்பிடியை விட்டுப் பார்க்க வேண்டும். பேனைப் பூட்டிவிட்டு, கைப்பிடியை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளி விட்டு, மானிட்டரில் படம் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். பூட்டைத் திறந்து, கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அதைப் பிடித்து இழுத்தே பேன் செய்ய வேண்டும். தொடக்கத்தில் திக்கினால் அந்த ஹெட் வேண்டாம். ரப்பர் பேண்டு ஸ்டோரிலேயே இருக்கிறது, தனியே டெண்டர் விட வேண்டியதில்லை.

அன்றைக்காவது குழு உறுப்பினர்களில் ஒருவர், கையெழுத்துப் போடும் முன், அந்தக் கைப்பிடியைத் தன் கையால் பிடித்து ஒரு முறை பேன் செய்து பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.