அப்பா, காற்புள்ளி, நான்

பெரிய முதலியார்சாவடி என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு அடிக்குறிப்பு விட்டுப்போயிருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம், சரி. ஏதோ ஒரு முதலியார் என்பதும் தெரிகிறது. எந்த முதலியார், எந்த ஆண்டு, ஆதாரம் என்ன? போதாததற்குப் பக்கத்திலேயே சின்ன முதலியார்சாவடி வேறு. பெரிய முதலியார்சாவடி என்று ஒரு கட்டுரையில் எழுதிக் கொடுத்தால் ‘சான்று தேவை’ என்று எந்த ஆய்விதழும் திருப்பி அனுப்பிவிடும்.

1986இல் நான் எம்.ஃபில். பட்டத்துக்கு மரக்காணம் உப்பளங்களை எடுத்துக்கொண்டேன். அப்பா அங்கே உப்பு வாரியவர். அதனால் விஷயம் வீட்டிலேயே இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் இருப்பது சான்று ஆகாது என்றார் நெறியாளர். ஆகவே தினமும் சைக்கிள் மிதித்துப் புதுச்சேரிக்குப் போனேன். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவன நூலகம், ரங்கப் பிள்ளை வீதியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம். மரக்காணம்தான் என்று சொல்லப்படும் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம், கிரேக்கப் பயணநூலான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா, பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1906இல் வெளியிட்ட தென்னார்க்காடு கெஸட்டியர் என்று எல்லாவற்றையும் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டை வாங்கக் காசு ஏது? கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் வீணாய்ப் போனவற்றைக் கேட்டு வாங்கி, ஒரே அளவாக வெட்டிக்கொள்வேன். ஒருபக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, தொகுதி, பக்கம். மறுபக்கம் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கிப் பாதியில் வெட்டுப்பட்ட யாரோ ஒருவரின் முகூர்த்தம். சைவ சித்தாந்தக் கழகப் பதிப்பு ஒன்று அகப்பட்டால்தான் அழுகை வரும். திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் என்று முழுப்பெயரையும் எழுதி முடிப்பதற்குள் அட்டையில் பக்க எண்ணுக்கு இடம் இருக்காது. சுருக்கக்கூடாது என்பது நெறியாளர் கட்டளை. வெளியிட்ட ஊரை எழுதாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதபடி பேசுவார். 2019இல் வந்த, மேற்கோள் நடைக்கான ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பு, பதிப்பாளரின் ஊரே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. நெறியாளர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அட்டைகளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சருக்கு முன்னால் போய் நின்றால் அவர் முதலில் கேட்பது, “தம்பி, அடிக்குறிப்பு எத்தனை வரி?” தாளை ரெமிங்டனில் செருகும் முன்பே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். மேலே ஆராய்ச்சி, கீழே அடிக்குறிப்பு. ஒரு வரி கணக்குத் தப்பினால், கார்பன் வைத்த மூன்று படிகளோடு அந்தப் பக்கமே போச்சு. சாய்வெழுத்து கிடையாது என்பதால் நூற்பெயருக்கெல்லாம் அடிக்கோடு. ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் வந்தால் நெடிலுக்கு மேலே ஒரு கோடு, றகரத்துக்கும் ழகரத்துக்கும் கீழே கோடு, ணகரத்துக்குக் கீழே புள்ளி. நான்கு படிகளிலும் நானே பேனாவால் வைக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்கப் புள்ளி வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, வாசலில் வைத்திருந்தாலாவது கோலம் ஆகியிருக்கும் என்றாள்.

அந்தக் காலத்தின் செல்லப் பிள்ளை ‘மேலது’ என்ற சொல். ஒரே நூலைத் திரும்பத் திரும்பச் சுட்டும்போது மேலது, ப. 12, மேலது, ப. 15 என்று இறங்கிக்கொண்டே போகலாம். நான் கடைசி நேரத்தில் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளையைச் செருகினேன். அதோடு அதற்குக் கீழே இருந்த மேலதுகள் எல்லாம் அவரைச் சேர்ந்துவிட்டன. 1906இல் பிரான்சிஸ் எழுதிய உப்புக் கணக்கை, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக இருந்து 1761இலேயே காலமாகிவிட்ட பிள்ளை சொன்னதாக என் ஆய்வேடு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாய்மொழித் தேர்வில் யாரும் கவனிக்கவில்லை. அடிக்குறிப்பை அடித்தவரும் எழுதியவனும் தவிர வேறு யாரும் படிப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இப்போது மகளின் மடிக்கணினியில் சோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் இருக்கிறது. போன வருஷம் ஒரு இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன், வேண்டாம் என்றார்கள். அடுத்த இதழுக்கு வேறு நடை. அன்றென்றால் மறுபடி தட்டச்சு, மறுபடி மூன்று கார்பன். மகள் ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். அறுபத்து நான்கு நூல்களும் அணிவகுப்பில் திரும்பும் போலீஸ்காரர்கள் மாதிரி ஒரே நேரத்தில் திரும்பி நின்றன. நான் கைதட்டினேன். பிறகுதான் உற்றுப் பார்த்தேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை, ‘பிள்ளை, ஏ. ஆர்.’ ஆகித் தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி உட்கார்ந்திருந்தார். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், ‘நத்தத்தனார், ந.’ ஊரை இனிஷியலாகப் போட்டுக்கொள்வது நம் வழக்கம்தான், இருந்தாலும் அவரைக் கேட்காமல் போட்டிருக்க வேண்டாம். பெயரை உடைக்காமல் ஒரே கட்டத்தில் வைக்க அந்த மென்பொருளில் பெயருக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பொத்தான் உண்டு. அது என் கண்ணில் பட ஆறு மாதம் ஆயிற்று. இதழின் விண்ணப்பத்தில் அப்படிப் பொத்தான் எதுவும் இல்லை. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நமக்கேது குடும்பப் பெயர்? இருப்பது ஒரே ஒரு இனிஷியல். அதை விரித்து எழுதினேன்.

இப்படித்தான் அப்பா ஆய்வாளர் ஆனார். அவர் பெயர், காற்புள்ளி, பிறகு என் பெயரின் முதலெழுத்து மட்டும். கட்டுரையைச் சுட்டுகிறவர்கள் எல்லாம் அப்பாவைத்தான் சுட்டுகிறார்கள். சம்பளப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே கைநாட்டு வைத்த மனிதர். பாத்தியில் உப்பை இழுத்து இழுத்து உள்ளங்கால் விறைத்துப்போய், நடந்தால் சிமெண்டுத் தரையில் சத்தம் கேட்கும். எத்தனை நாள் வெயிலில் எந்தப் பாத்தி பூக்கும் என்று கேட்டால் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்வார். அதை ஆய்வேட்டில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததில் ஓடு பறந்து என் குறிப்பட்டைகள் இருந்த பெட்டி நனைந்தது. கொடி கட்டித் துணி கிளிப்பில் மாட்டிக் காயவைத்தேன். மை கரைந்து என் கையெழுத்து பாதி போயிற்று. அச்சடித்த முகூர்த்தங்கள் அப்படியே இருந்தன.

சென்ற மாதம் மகள், மரக்காணம் உப்பைப் பற்றி வேறென்ன கட்டுரைகள் உண்டு என்று செயற்கை நுண்ணறிவு உரையாடியைக் கேட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் ஐந்து வந்தன. தொகுதி, இதழ் எண், பக்கம், காற்புள்ளி எதிலும் பிசகில்லை. தேடிப் பார்த்ததில் இரண்டு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. அந்த இரண்டில் ஒன்றை எழுதியவர் அப்பா. காற்புள்ளிக்குப் பிறகு இருந்தது என் எழுத்தல்ல, யாருடையதோ. பாத்தி நீரின் சுவையைக் கொண்டு உவர்ப்பை அறியும் முறைகள் என்பதுபோல் ஆங்கிலத்தில் தலைப்பு.

மகள் சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டாள். நான் உள்ளே போய், எழுத்துக் கரைந்து வெறுமையாகக் கிடந்த அட்டை ஒன்றை எடுத்து, அப்பா பெயரை முழுதாக, காற்புள்ளி இல்லாமல் எழுதி, கீழே அந்தத் தலைப்பை எழுதிப் பெட்டியில் அகரவரிசைப்படி செருகி வைத்தேன்.