குன்றின் மேலிட்ட விளக்குகள்

மாமல்லபுரத்துக் கற்குன்றில் யாரும் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற்றதில்லை. உச்சியில் இருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் எட்டாம் நூற்றாண்டில், ராஜசிம்மப் பல்லவன் காலத்தில், சிவனாகப் பணியில் சேர்ந்தார். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1887-இல், வெள்ளைக்கார அரசு அவருடைய கோயில் கூரையில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையைக் கொடுத்தது. பக்கத்திலேயே கல்லில் ஒரு கோபுரம் எழும்பி, 1904-இல் அந்த வேலையை வாங்கிக்கொண்டது. இப்போது ஒலக்கண்ணேஸ்வரருக்குப் பூசையும் இல்லை, விளக்கும் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில், செல்ஃபி எடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்கும் பணி. கோபுரத்துக்கும் அடுத்த உத்தரவு வந்தாயிற்று: சுற்றுலா.

நான் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். மாறுதல் உத்தரவு என்றால் உள்ளே ஒரு அநியாயம் ஒளிந்திருக்கும் என்று தெரியும். இந்தக் குன்றுக்கும் கரைக்கும் வந்த உத்தரவுகளில் அநியாயத்தைவிட வேடிக்கைதான் அதிகம்.

எங்களுக்கு ஊர் திருக்கழுக்குன்றம். மாமல்லபுரம் பஸ்ஸில் அரை மணி. அந்த அரை மணிக்கு ஒரு காரணம் வேண்டும். “கடலுக்குப் போயிட்டு வரேன்” என்றால் அம்மா, “யாருக்கு என்ன ஆச்சு?” என்பாள். சாம்பல் கரைப்பது, அமாவாசைத் தர்ப்பணம், மாசி மகம்: கடலோடு எங்களுக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். சும்மா காற்று வாங்க வருகிறவர்கள் மெட்ராஸ்காரர்கள். மாசி மகத்துக்கு எங்கெங்கிருந்தோ இருளர் குடும்பங்கள் வந்து மணலிலேயே இராத்தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். இன்றும் வருகிறார்கள். இந்தக் கரையில் பணிமாறுதலுக்கு ஆளாகாதவள் அவள் ஒருத்திதான். கல்லில் கோயில் கட்டிக்கொள்ளாததால் தப்பித்தாள் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளில் ஒரு விடுமுறையின்போது பெரியப்பா என்னையும் தம்பியையும் கலங்கரை விளக்கத்தில் ஏற்றினார். குறுகலான படி, மேலே போகப் போக மூச்சு வாங்கும், தலையைக் குனிந்து வெளியே வந்தால் முகத்தில் அறைகிற காற்று. கிழக்கே கடற்கரைக் கோயில் கைக்கு அடக்கமாக இருந்தது. தெற்கே ஐந்து ரதங்கள், மேற்கே பக்கிங்காம் கால்வாய். ரதங்களுக்கும் தெற்கே, தொலைவில், கல்பாக்கம். அங்கே முதல் அணு உலை 1983-இல்தான் இயங்கத் தொடங்கியிருந்தது. அதனால் கோபுரத்தின் மேலிருந்து படம் எடுக்கத் தடை. மேலே நின்ற ஊழியர் எங்களை ஒரு முறை அளந்தார். பெரியப்பா, அவருடைய வெற்றிலைப் பை, அரைக்கால் சட்டையில் இரண்டு பையன்கள். “போட்டோ எடுக்கக் கூடாது” என்றார். எங்கள் தெருவிலேயே கேமரா கிடையாது. ஆனாலும் பெரியப்பா மிரண்டுபோய், தெற்குப் பக்கம் வந்தபோது எங்கள் கண்களைக் கையால் மறைத்தபடியே நடத்திக்கொண்டு போனார்.

பிறகு பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கோபுரத்தைப் பல ஆண்டுகள் மூடிவைத்து, 2011-இல் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் உலகம் வேறு ஏற்பாடுகளைச் செய்துகொண்டுவிட்டது. கப்பல்களுக்கு வழி சொல்ல மேலே செயற்கைக்கோள் வந்துவிட்டது. கல்பாக்கத்தை இன்னொரு செயற்கைக்கோள் படம்பிடித்து, பெயரும் எழுதி, கேட்டவர் கேட்காதவர் எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிவிட்டது. இப்போது கோபுரம் ஏறுகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். முதுகைக் காட்டினால்தானே முகமும் கடலும் ஒரே படத்தில் விழும்? எல்லோருக்கும் நடுவில் பெரியப்பாவின் கை ஒன்றுக்கு மட்டும் வேலை போய்விட்டது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னங்களாகப் பேணவும் அதில் வழி உண்டு. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க 75 கலங்கரை விளக்கங்களின் சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். கப்பல்காரன் விளக்கைத் தேடுவது குறையக் குறைய, விளக்கம் ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டது. மாமல்லபுரத்தில் பழைய விளக்குகளையும் கருவிகளையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றி, கண்ணாடி துடைத்து, இரவெல்லாம் தூங்காமல் அதைக் காத்த ஆளை மட்டும் எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் வைக்க முடியாது. அரசுப் பணியில் இது புதிதல்ல.

சரி, கரைக்கு வருகிறேன். உண்மையான கூத்து அங்கேதான்.

எங்கள் வகுப்பில் மாமல்லபுரத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒருவன் படித்தான். படித்தான் என்பது பதிவேட்டுக் கணக்கு. கடற்கரைக் கோயிலை ஒட்டி அலை நீளமாக உடைகிற நாட்களில் அவன் பள்ளிக்கு வர மாட்டான். ஒடிந்த கட்டுமரத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போய், குப்புறப் படுத்து, அலை தூக்கிய நேரம் அதன் முதுகில் ஏறிக் கரை வரைக்கும் வருவான். சில சமயம் எழுந்தும் நிற்பான். மறுநாள் தலைமுடியை முகர்ந்து பார்த்தே வாத்தியார் பிரம்பை எடுப்பார். வீட்டில் அவன் அப்பா துடுப்பை எடுப்பார். கடலில் விளையாடுகிறவன் கடலுக்கு மரியாதை கொடுக்காதவன் என்பது குப்பத்து நியாயம். அலையில் ஏறிக் கரைக்கு வருவது ஒரு வேலையா? அலையைத் தாண்டி உள்ளே போகிறவனுக்குத்தான் மீன்.

உள்ளே போவதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்ச்சலில் மரத்தைத் தள்ளி, அடுத்த கூட்டம் வருவதற்குள் தாண்டிவிட வேண்டும். கயிற்றால் பிணைத்த மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிவிடும்; மரமே மிதப்பதால் கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. இந்த அலைகளில் பல தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிவயிற்றில் அடித்த புயலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்தவை என்பதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரம் வந்ததை என் வகுப்புத் தோழன் ஒடிந்த மரத்தோடு போய் வரவேற்றிருக்கிறான். நாங்கள் அதற்கு முட்டிபோட வைத்தோம்.

போன கோடையில் பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம் வந்தது. தம்பி மகளுக்கு அலைச்சறுக்கு கற்க வேண்டுமாம். முன்பணம் கைபேசியிலேயே போய்விட்டது. கரையில் எங்களை வரவேற்ற பயிற்சியாளன் கருத்து, மெலிந்து, உப்பில் வெளுத்த முடியோடு இருந்தான். பார்த்ததும் ஜாடை தெரிந்தது. என் வகுப்புத் தோழனின் மகனேதான். தோழனும் பக்கத்தில் படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. மகனுடைய பலகைகளிலும் பாதிக்கு மேல் அதே ஃபைபரும் பிசினும்தான்.

“எங்கப்பன் எதுக்குத் துடுப்பால அடிச்சாரோ, அதையே இவன் சொல்லிக்குடுத்து பில்லு போடுறான்” என்றான் தோழன். குறையா பெருமையா என்று பிடிபடவில்லை. “மணிக்கு இவ்வளவுன்னு வாங்குறான். நான் ராத்திரி முழுக்க வலை போட்டாலும் சில நாள் அவ்வளவு வராது.”

“நீயும் சொல்லிக்குடுக்கலாமே?”

“எனக்கு இங்கிலீசு வராது. அலைக்கு வருதாம்.”

மகன் தண்ணீரில் இடுப்பளவு நின்று தம்பி மகளிடம், “இது வேணாம்க்கா, விடுங்க. இந்த செட் முடியட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தாத்தா ஓய்ச்சல் பார்த்துத் தாண்டிய அதே கணக்கு. தாத்தா அந்தக் கூட்டத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தார், பேரன் அதிலேயே ஒன்றைப் பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறான். கணக்கு குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

இதற்குள் ஊரும் பெரிய ஆளாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்று இங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் வந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டிகளில் ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகள் மட்டும் கணக்கில் சேரும். எங்கள் பள்ளியில் இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் இருந்திருந்தால் பத்தாம் வகுப்பில் என் தோழன் மாவட்டத்திலேயே முதல். நான் தவறியிருப்பேன். பிறகு வருவாய்த் துறைக்கு யார் போயிருப்பார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தம்பி கரையில் நின்று கைபேசியில் மகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் தண்ணீரில் இறங்கியதற்காகப் பெரியப்பாவிடம் கன்னம் பழுக்க வாங்கியவன். “இன்னும் உள்ள போம்மா, உள்ள போ” என்று கத்தினான். நான் அவனைப் பார்த்தேன். “கால்ல கயிறு கட்டியிருக்காங்க அண்ணா, ஒண்ணும் ஆகாது” என்றான்.

அவளுக்கு அடுத்த வகுப்புக்கும் இடம் பிடித்தோம். பயிற்சியாளன் ஓட்டமாக வந்து ஒரு படிவத்தை நீட்டினான். விபத்து நேர்ந்தால் அலைச்சறுக்குப் பள்ளி பொறுப்பல்ல என்று கையெழுத்திட வேண்டும், சாட்சி ஒருவர் வேண்டும். தம்பி என்னைக் காட்டினான். கடலில் போனவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் கேட்டு வந்த மனுக்களில் விசாரணை அறிக்கை எழுதியே தேய்ந்த கை இது. யாருக்கும் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே எழுதிவாங்கும் வசதி எங்கள் அலுவலகத்தில் கிடையாது. இரண்டு முறை படித்தேன்.

“தம்பி, இதுல தேதி போட இடமே இல்லையே?”

“அடுத்த தடவை அச்சடிக்கும்போது போட்டுர்றேன் சார். இப்ப ஓரமா எழுதிக்குங்க” என்று பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். “செட் வருது.”

ஓரமாக எழுதி, சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தேன்.