நாயோடும் நாயின்றியும்

கேள்வி: நாயை ஏவி வேட்டையாடுவோர், நாயின்றி வேட்டையாடுவோர் ஆகிய இருவரில் தாம்பரம், வண்டலூர் வட்டாரக் காடுகளில் உரிமை யாருக்கு?

பதில்: முயல் வேட்டையில் இருவருக்குமே இல்லை. கண்ணி, அதாவது விலங்கின் தடத்தில் சுருக்குக் கயிறு, வைத்துக் காத்திருப்பவருக்கு நாயின் இரைச்சல் பகை. முயலுக்கு வைத்த சுருக்கில் நாயின் காலும் சிக்கும் என்பதால், நாய்க்காரருக்குக் கண்ணி பகை. ஆயினும் விரட்டுவதையும் கண்ணி வைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் ஒரே வரையறைக்குள் அடக்குவதால், இவ்வட்டாரத்து நன்மங்கலம் காப்புக்காட்டில் இவ்விருவர் வழக்கும் எடுபடாது.

ஆனால் நாயின்றி, உரிமத்தோடு பாம்பு பிடிப்போர் ஒரு சாரார் உண்டு. அவர்கள் செங்கல்பட்டு மாவட்ட இருளர். தரையில் பதிந்த தடத்தையும் வளைவாயில் கிடக்கும் சட்டையையும் (பாம்பு உரித்த தோல்) பார்த்து, கடப்பாரையால் மண்ணைக் கிளறி, நாயின் மோப்பம் இன்றியே நாகத்தை வெளிக்கொணரும் இவர்களது அறிவு வியப்புக்குரியது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பு இழந்த இவர்களுக்காக 1978இல் அமைந்த கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து முறிமருந்துக்கு அளித்தபின் பாம்பைக் காட்டிலேயே விடுகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

நாய்க்காரரைப் பொறுத்தவரை, கன்னி, சிப்பிப்பாறை ஆகிய வேட்டைநாய் இனங்களை வளர்ப்பது குற்றமன்று. அவற்றை முயல்மீது ஏவுவதே குற்றம். அதைக் காண்போர் தயங்காது வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.