குச்சிதான் கோணலாம்

ஏலே, இங்க வா. மூஞ்சியத் தூக்காத. நேத்து ராத்திரி அந்தச் சண்டை வீடியோ கேமுல மூணு ஆட்டம் தோத்துட்டு, "தாத்தா, லீவர் சரியில்ல"ன்னு சொன்னியே, அதுல இருந்து எனக்கு உறக்கமே இல்ல. காலம் பூரா மோட்டார் ரிப்பேர் பாத்தவன் வீட்ல ஒரு குச்சி சரியில்லாமக் கெடந்தா ஊரு என்ன பேசும்? அதான் நீ எந்திரிக்கங்குள்ள அந்த லீவர் குச்சிப் பெட்டியக் கவுத்திக் கழட்டிப் பாத்துட்டேன்.

ஜப்பான்காரன் சான்வா சாமான்னியே, உள்ள மை மந்திரம் எதும் வச்சிருப்பான்னு நெனச்சேன். பாத்தா நாலே நாலு மைக்ரோ சுவிச்சு. மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மூலைக்குத் தள்ளுனா ரெண்டு சேந்து அமுங்குது. அம்புட்டுதான்.

அடியில சதுரமா ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கே, அதத்தான ரெண்டு நாளா வைதே? எண்கோணத் தட்டு வேணும்னு ஒங்கப்பன்கிட்ட ரூவா கேட்டியாம். வாங்கு, யாரு வேண்டாம்னா? அதுல எட்டுத் தெசைக்கும் ஒரு பள்ளம் கைக்குத் தட்டும். ஜாங்கீஃபுங்குத ஆள வச்சுக்கிட்டு குச்சிய முழுச் சுத்துச் சுத்துதவன் கேட்டா நாயம். நீ எடுத்து ஆடுதது கைலுங்குத ஆள. அவனுக்குக் குச்சியப் பின்னாடி கீழ்மூலையில அடக்கி வச்சிருந்து, பொறவு படக்குன்னு முன்னால தள்ளணும். சதுரத்தோட மூலை மாதிரி அதுக்குத் தோதான எடம் உண்டா? அடக்கோழி கூடையில உக்காந்த மாதிரி உக்காந்துக்கலாம். அதப் போயி வேண்டாங்க.

இதையும் கேளு. நீ குச்சியக் கொண்டு செவுத்துல முட்டுத சத்தம் தெருமுக்குவரைக்கும் வருது. பக்கத்து வீட்டுக்காரி உரல்ல என்னடே இடிக்கீங்கன்னு கேக்கா. செவுத்துக்கு முந்தியே சுவிச்சு 'டிக்'குன்னு வேலைய முடிச்சிருதுலே. அதுக்கு மேல தள்ளுதது பூரா வெட்டி நடை. கேட்ட வாக்குல திரும்புதவன் ஒனக்கு முந்தி அடுத்த அடிக்குப் போயிருவான்.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன். கூட வந்த ஸ்பிரிங்கு இளசு. கைய விட்டா மாப்ள மறுவீட்டுக்கு வார மாதிரி ஆடி அசஞ்சு நடுவுக்கு வருது. 2004ல டைகோங்குதவன் போட்டியில ஆடுனத செல்லுல காட்டுனியே, எதுத்து நிக்குத சுன்-லீங்குத பிள்ள 15 உதை உதைக்கா, இவன் உதைக்கு ஒரு தட்டாத் தட்டித் தட்டியே தடுத்துட்டான். ஒவ்வொரு தட்டுக்கு ஊடயும் குச்சி நடுவீட்டுக்கு வந்துட்டுத்தாம்லே போயிருக்கு. டெக்கன்னு இன்னொரு சண்டை கேம் ஆடுத கொரியாக்காரன் ஸ்பிரிங்கே வேண்டாம்னு தடிச்ச ரப்பர் வளையத்த மாட்டுதான். பின்னாலயே வெடுக் வெடுக்குன்னு நழுவணும்லா, விட்டதும் அது சடக்குன்னு நிமுந்துரும். மணிக்கட்டு நோவும்னு அவன் சொல்ல மாட்டான், நான் சொல்லுதேன். ஒனக்கு 2 பவுண்டு ஸ்பிரிங்கு போதும். வீம்புக்கு 4 பவுண்டு வாங்குனா ஏரு பூட்டுன கணக்காயிரும்.

மாத்தும்போது ஒரு துணியப் போத்திக்கோ. அச்சுக்கு அடியில துளியூண்டு கிளிப்பு ஒண்ணு இருக்கு. நெம்புனா சீமைக்குப் பறந்துரும். விடியக்காலம் நான் முத்தத்துல குனிஞ்சு நிமுந்து தேடுனது அதத்தான். ஒங்க ஆச்சி நான் சூரியனக் கும்பிடுதேன்னு நெனச்சுக் காப்பி கொண்டாந்தா, நானும் ஆமான்னுட்டேன். மேல உள்ள பந்தக் கழட்ட, அச்சோட அடிவெட்டுல ஸ்க்ரூடிரைவரக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டுத் திருகணும். கிரீஸு போட்டா சிலிக்கான் கிரீஸு, அச்சு அசையுத குழியில மட்டும். தேங்கா எண்ணெயத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்.

பட்டனப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. அந்த 30 மில்லிமீட்டர் பட்டன்ல வெரலு சும்மா படுத்தாலே அமுங்கிருது. அதுமேல கைய வச்சுக்கிட்டு நீ முறுக்கு கடிச்சா, கைலு காத்தக் குத்தத்தான் செய்வான்.

அப்புறம், 2014ல லாஸ் வேகாஸ் ஈவோ போட்டியில லூஃபின்னு ஒரு பிரான்சுக்காரன், முத தலமுறை பிளேஸ்டேஷனோட பழைய பேட வச்சுக்கிட்டு, ரோஸுங்குத ஆள எடுத்து ஆடிக் கப்பு தூக்குனாம்னு நீதான சொன்னே? பாவம், குச்சியக் கழட்டிப் பாக்க அவன் வீட்ல ஒரு தாத்தா இல்லபோல.

சரி சரி, போய் ஆடு. ஆங், மாட்டும்போது லீவரத் தலகீழாத் திருப்பி மாட்டிட்டேனோ என்னமோ, மேல தள்ளுனா பய கீழ குனியுதான், முன்னால தள்ளுனா பின்னால போறான். நேத்துவரைக்கும் அது சரியாத்தாம்லே இருந்துச்சு. இன்னைக்குத்தான் நீ சொன்னது உண்மையாச்சு.